நான் எழுதிய ஒரு வரியும் செல்வி சிஸ்டரும்

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸ் பிள்ளைகள் என்னை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. பெரம்பலூரில் துறையூர் சாலையில் அதே மாடி, அதே படி. ஏறும்போது முட்டி வலிப்பது மட்டும்தான் புதிது. மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது எங்கள் வேலை. ஒரு மென்பொருள் கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போவதற்கு முன்னால் அதை உருட்டிப் புரட்டி, எங்கே உடைகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தச் சோதனையைத் தானாகச் செய்யும் ஸ்கிரிப்டுகளை எங்கள் காலத்தில் கையால் எழுதினோம். இப்போது அதையும் செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்துவிடுகிறதாம்.

"நீங்கள்லாம் இதுக்கு மூணு நாள் எடுப்பீங்களாமே மேடம்? இது மூணு நிமிசத்துல குடுத்துருச்சு பாருங்க" என்று ஒரு பெண் திரையை என் பக்கம் திருப்பினாள்.

பார்த்தேன். முதல் வரியிலும் கடைசி வரியிலும் நான் பல வருடங்களுக்கு முன்னால் எழுதிய அதே கட்டளை. எங்கள் பழைய ஸ்கிரிப்டுகளைப் படித்துத்தான் அந்த இயந்திரம் கற்றுக்கொண்டதாம். சாப்பாட்டைப் பாதியில் வைத்தேன். தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

"உங்க அனுபவத்த ஒரு கட்டுரையா எழுதிக் குடுங்க மேடம், ஆண்டு மலர்ல போடுறோம்" என்று படி வரைக்கும் வந்து சொன்னார்கள். எழுதியிருக்கிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு. சாதனைப் பட்டியல் எதிர்பார்க்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இதில் இருப்பது ஒரு நர்சம்மாவின் பிழைப்பில் நான் மண்ணைப் போட்ட கதை.

என் பெயர் ஸ்டெல்லா. ஊர் வரதராசன்பேட்டை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். திருச்சியில் கணிதம் படித்தேன். அப்புறம் ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமா. அப்புறம் சென்னையில் பத்து வருடம் நெரிசல் பஸ்ஸில் போய் வந்து தொழில் கற்றேன். எங்கள் கம்பெனி பெரம்பலூரில் கிளை திறந்தபோது, மாமியாருக்கு உடம்பு முடியவில்லை என்பதைச் சாக்காக வைத்து மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். நாற்பது பேர் கொண்ட கிளை. எல்லாரும் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள். பூலாம்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்களும் உண்டு. அந்த வேலை இல்லை என்றால் அவர்கள் சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு அறையில் எட்டுப் பேராகப் படுத்திருப்பார்கள். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் பின்னால் நான் செய்த காரியத்துக்கு இதையும் ஒரு காரணமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆரம்பத்தில் எல்லாம் கைவேலை. மென்பொருளைத் திற, நோயாளி பெயர் போடு, சேமி, மூடு, நோட்டில் டிக் அடி. மறுபடி திற. சாயங்காலம் ஆனால் ஆள்காட்டி விரல் மரத்துப்போகும். அப்புறம்தான் ஸ்கிரிப்ட் வந்தது. நாம் செய்வதையெல்லாம் அதுவே செய்யும், நாம் டீ குடிக்கலாம் என்றார்கள். டீ குடித்தோம், வேலை குறையவில்லை.

திறப்பதில் என்ன கஷ்டம் என்று நினைப்பீர்கள். மனுஷன் திரை வருகிற வரைக்கும் காத்திருப்பான். ஸ்கிரிப்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. திற என்று சொன்ன மறுநொடி, திறந்ததா இல்லையா என்று பார்க்காமல் தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிடும். ஒரு நாள் எங்கள் மேலாளர் ஞானசேகரன் சாருடைய கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினேன். அவர் தலைமை அலுவலகத்துக்கு எழுதிக்கொண்டிருந்த கடிதம் பாதியில் திறந்து கிடந்தது. ஸ்கிரிப்ட் நேராக அதற்குள் புகுந்து, 'நோயாளி எண் ஒன்று, வயிற்றுப்போக்கு, ஆறு நாளாக' என்று அடித்து, அனுப்பியும் விட்டது. ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. ஞானசேகரன் சார் சிரிக்கவில்லை. "காத்திருக்கச் சொல்லிக் குடும்மா அதுக்கு" என்றார், அவ்வளவுதான். திரையின் தலைப்பு வந்த பிறகே அடுத்த வரிக்குப் போ என்று எழுதினேன். திறப்பது சரியானது.

மூடுவதுதான் உயிரை எடுத்தது. திரையின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினால் மென்பொருள் சில நேரம் பேசாமல் மூடிக்கொள்ளும். சில நேரம் 'சேமிக்கவா?' என்று ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி நிற்கும். எந்த நேரம் எது என்று சொல்ல முடியாது. அந்தப் பெட்டி வந்தால் ஸ்கிரிப்ட் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றுவிடும். இருநூறு சோதனையை ஓடவிட்டு வீட்டுக்குப் போவோம். காலையில் வந்து பார்த்தால் ஏழாவதில் அந்தச் சனியன் பிடித்த பெட்டி உட்கார்ந்திருக்கும். மீதி அத்தனையும் தோல்வி என்று சிவப்பு சிவப்பாக இருக்கும்.

ஞானசேகரன் சாரைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். கெட்டவர் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டால் எனக்குச் சௌகரியம், ஆனால் அது பொய். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எந்தப் பெண்ணையும் ஆறு மணிக்கு மேல் ஆபீஸில் இருக்க விடமாட்டார். கடைசி பஸ் போய்விடும் என்று அவரே வந்து விளக்கை அணைப்பார். மேசையில் ஒரு இரும்பு ஸ்கேல் வைத்திருப்பார். அறிக்கை கொண்டுபோனால் முதல் வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்துப் படிப்பார், அப்புறம் அடுத்த வரி, அப்புறம் அடுத்தது. நாம் எதிரில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். வாயால் எதைச் சொன்னாலும் "எழுத்துல இருக்காம்மா?" என்பார். எழுத்தில் இல்லையென்றால் அது நடக்கவே இல்லை. சோதனை வேலைக்கு இப்படிப்பட்ட மனுஷன்தான் வேண்டும் என்று நான் அவரைக் கொண்டாடியிருக்கிறேன்.

அப்போது நாங்கள் சோதித்துக்கொண்டிருந்தது ஒரு ஆஸ்பத்திரி மென்பொருள். அதை ஒப்படைக்க நாலு நாள் இருந்தது. அறிக்கை முழுவதும் சிவப்பு. சார் ஸ்கேலை வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, "இது மென்பொருள் தப்பா, நம்ம ஸ்கிரிப்ட் தப்பா?" என்று கேட்டார். ஸ்கிரிப்ட்தான் சார் என்றேன். "அப்ப அத சரி பண்ணிட்டு வாம்மா."

போய் ஒரு வரி எழுதினேன். எங்கள் பாஷையில் அதை 'கில்' என்போம். பெருக்கல் குறியை அழுத்தாதே, பெட்டிக்குப் பதில் சொல்லாதே. மென்பொருள் எந்த நிலையில் இருந்தாலும் அதன் கழுத்தை முறித்துப் போட்டுவிடு என்று அர்த்தம். சோதனையின் முடிவில் ஒன்று போட்டேன். போன சோதனையின் மிச்சம் ஏதாவது உள்ளே கிடந்து தொந்தரவு செய்யக்கூடாதே என்று ஆரம்பத்திலும் ஒன்று போட்டேன். அதற்குக் கீழே, 'மூடிவிட்டதா?' என்று பழைய சரிபார்ப்பு அப்படியே இருந்தது. கழுத்தை முறித்தது மூடாமல் என்ன செய்யும்? மூடல்: தேர்ச்சி. மூடல்: தேர்ச்சி. பக்கம் பக்கமாகப் பச்சை.

சார் அன்றைக்கு ஆபீஸுக்கே பக்கோடா வாங்கிக் கொடுத்தார். பிள்ளைகள் என் வரியைத் தங்கள் ஸ்கிரிப்டுகளிலும் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நிஜ மனுஷன் யாரும் மென்பொருளைக் கழுத்தை முறித்து மூடமாட்டான், பெருக்கல் குறியை அழுத்தித்தான் மூடுவான் என்கிற எளிய விஷயம் எங்கள் நாற்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாருக்கும் கடைசி பஸ் கவலை.

அந்த மென்பொருள் அரியலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனது. பெயர் வேண்டாம். காகிதமே இல்லாத ஆஸ்பத்திரி என்று வாசலில் போர்டு வைத்தார்கள். நோயாளிக்கு என்ன மருந்து, எது ஒத்துக்கொள்ளாது எல்லாம் திரையில்தான். ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர் சிவப்பு எழுத்தில் வரும்.

சில மாதம் கழித்து அங்கே ஒருவர் இறந்துபோனார். பாடாலூர்க்காரர், பெயர் முருகேசன், மக்காச்சோளம் அறுக்கும்போது காலில் அரிவாள் வெட்டு. அதற்காகச் சேர்ந்தவர். சாயங்காலம் ஒரு ஊசி போட்டிருக்கிறார்கள். ஒத்துக்கொள்ளாத மருந்து. கால் மணி நேரத்தில் போய்விட்டார். கால் காயத்துக்கு வந்த மனுஷன். அவர் மனைவி டீ வாங்கக் கீழே போயிருந்தாராம்.

மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை அந்த அம்மா மதியமே நர்சிடம் சொல்லியிருக்கிறார். அந்த நர்ஸ்தான் செல்வி சிஸ்டர். மீன்சுருட்டிக்காரர். கணவர் இல்லை, ப்ளஸ் டூ படிக்கிற ஒரே மகள். தான் பதிந்ததாக அவர் சொன்னார். கம்ப்யூட்டர் பதியவில்லை என்றது. அவர் பெயரிலேயே அந்த நோயாளியின் கம்ப்யூட்டர் தாள் கடைசியாகச் சேமிக்கப்பட்டிருந்தது, ஒவ்வாமை என்ற கட்டம் காலி. ஊசி போடுவதற்கு முன் சோதனைக்குக் கொஞ்சம் போட்டுப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். போட்டதாக டாக்டர் எழுதியிருந்தார். அதை யாரும் நோண்டவில்லை.

விசாரணைக்கு ஞானசேகரன் சாரும் நானும் போனோம். நீளமான மேசை, அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி நிர்வாகியும் இரண்டு டாக்டர்களும், இந்தப் பக்கம் நாங்கள். செல்வி சிஸ்டர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி காலியாக இருந்தது, யாரும் உட்காரச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"மத்தியானம் அந்தம்மா சொன்னாங்க சார். சின்ன வயசுல ஊசி போட்டு ஒடம்பெல்லாம் தடிச்சுப் போச்சுன்னு. ஒடனே தொறந்து போட்டேன். செவப்பா வந்துச்சு சார், கண்ணால பாத்தேன்" என்றார்.

"சாயங்கால ஷிப்டு சிஸ்டர்கிட்ட வாயால சொன்னீங்களா?" நிர்வாகி கேட்டார்.

"இல்லீங்க. அதான் செவப்பா இருக்கேன்னு..."

நிர்வாகி என்னைப் பார்த்தார். "மேடம், பதிஞ்சது தானா அழிஞ்சு போறதுக்கு இதுல வாய்ப்பு இருக்கா?"

நான் கோப்பைத் திறந்தேன். என் கையெழுத்து போட்ட அறிக்கை. திறத்தல்: தேர்ச்சி. சேமித்தல்: தேர்ச்சி. மூடல்: தேர்ச்சி. "வாய்ப்பே இல்லைங்க சார்" என்றேன். எவ்வளவு தெளிவாகச் சொன்னேன் தெரியுமா? ஜெபம் சொல்வது போலச் சொன்னேன்.

"நான் போட்டேங்க மேடம்" என்று செல்வி சிஸ்டர் என்னிடம் சொன்னார். நிர்வாகியிடம் சொல்லவில்லை, என்னிடம். "காலையில ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ, ரெண்டு தடவ தொறந்தேங்க. மறந்திருந்தா எப்புடிங்க ரெண்டாவது தடவ தொறப்பேன்?"

"எழுத்துல இல்லையேம்மா" என்றார் ஞானசேகரன் சார், மெதுவாக, கனிவாகத்தான்.

அன்றைக்கே செல்வி சிஸ்டரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவருடைய நர்ஸ் பதிவை முடக்கச் சொல்லி நர்சிங் கவுன்சிலுக்கு எழுதினார்கள். முருகேசன் வீட்டார் தொடர்ந்த வழக்கில் அவர் பெயர் முதல் எதிரியாகப் போனது.

திரும்பி வரும்போது காரில் அந்த 'ரெண்டு தடவ' என் காதிலேயே இருந்தது. எங்கள் ஸ்கிரிப்டில் எதையும் இரண்டு தடவை திறக்க மாட்டோம். ஒரு தடவை திற, வேலையைச் செய், கழுத்தை முறி. அடுத்த சோதனை புதுசாக ஆரம்பிக்கும். ஒரு வாரம் இதை நினைத்துக்கொண்டே திரிந்தேன். சமையலில் உப்பு இரண்டு தடவை போட்டேன், வீட்டில் திட்டு வாங்கினேன்.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் ஆபீஸ் சாவியை வாங்கிக்கொண்டு போனேன். யாரும் இல்லை. ஸ்கிரிப்டைத் தொடவில்லை, பழைய காலம் போலக் கையால் செய்தேன். ஒரு நோயாளியின் தாளைத் திறந்தேன், ரத்த அழுத்தம் பதிந்தேன், பெருக்கல் குறியை அழுத்தினேன். 'சேமிக்கவா?' என்றது. ஆம் என்றேன். திரை மறைந்தது. இது அவருடைய காலை. மறுபடி திறந்தேன். ஒவ்வாமைக் கட்டத்தில் மருந்துப் பெயரை அடித்தேன். சிவப்பாக வந்தது. சேமித்து மூடினேன். இது அவருடைய மதியம்.

உடனே திறந்து பார்த்தேன். சிவப்பு இருந்தது. அப்பாடா என்று இருந்தது, நிஜமாகவே. ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று எழுந்தேன். குடித்துவிட்டு வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை திறந்தேன். கட்டம் காலி.

ஐயோ என்று சத்தமாகவே சொன்னேன். கம்ப்யூட்டருக்குள் என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்து பார்த்தேன். காலையில் மூடியது மூடவே இல்லை. 'சேமிக்கவா?' என்று கேட்டு, ஆம் என்ற பதிலை வாங்கிக்கொண்டு, திரையை மட்டும் மறைத்துவிட்டு, உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகச் சேமிக்கும் வசதி அதில் உண்டு. தன் கையில் இருந்த காலை நேரத்துப் பழைய தாளை, மதியத் தாளின் மேலே எழுதிவிட்டது. சிஸ்டரின் பெயரிலேயே எழுதிவிட்டது. நான் ஆரம்பத்திலும் முடிவிலும் கழுத்தை முறித்துக்கொண்டிருந்ததால் எங்கள் சோதனையில் இப்படி ஒன்று உயிரோடு உள்ளே கிடக்க வழியே இல்லாமல் போயிற்று. என் வரி இல்லாதிருந்தால் முதல் நாளே இது மாட்டியிருக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் எங்களுக்குச் சம்பளம்.

மூன்று தடவை திரும்பச் செய்தேன். மூன்று தடவையும் சிவப்பு அழிந்தது.

திங்கட்கிழமை காலையில் எல்லாவற்றையும் எழுதி ஞானசேகரன் சாரின் மேசையில் வைத்தேன். எழுத்தில் கேட்பாரே, எழுத்திலேயே கொடுத்தேன். ஸ்கேலை வைத்து முதலிலிருந்து கடைசி வரை படித்தார். அப்புறம் ஸ்கேலை ஓரமாக வைத்துவிட்டு, கதவைச் சாத்தினார். அந்தக் கதவை அவர் சாத்தி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இது வெளிய போனா இந்தக் கிளைய மூடிருவாங்கம்மா."

"அந்த சிஸ்டர் தப்பு பண்ணல சார்."

"எனக்குத் தெரியுது. நாப்பது பிள்ளைங்க இருக்கு. அதையும் பாக்கணும்ல." ஓரமாக வைத்த ஸ்கேலை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார். "அடுத்த வெளியீட்டுல சத்தமில்லாம சரி பண்ணச் சொல்லிடுறேன். இனிமே யாருக்கும் ஆவாது. கீழ கையெழுத்து போட்டுருக்கது நீதான்மா, நல்லா யோசிச்சுக்க."

நான் எழுதிய தாளை இரண்டாக மடித்து என்னிடமே கொடுத்தார். கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். நான் அதை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு என் இடத்துக்குப் போனேன். நாற்பது பேருக்காக என்று சொல்லிக்கொண்டேன். பொய். எனக்குப் பயம். 'வாய்ப்பே இல்லை' என்று அத்தனை பேர் முன்னால் சொன்ன வாய் என்னுடையது. போலீஸ் வரும், கோர்ட் வரும், என் பெயர் பேப்பரில் வரும் என்று நடுங்கினேன். வேறு எந்த வெங்காயமும் இல்லை.

மென்பொருளைச் சரிசெய்து அனுப்பினார்கள். 'சிறு மேம்பாடுகள்' என்று குறிப்பு. ஆனால் ஸ்கிரிப்டிலிருந்து என் வரியை எடுக்கவில்லை. எடுத்தால் ஏன் என்று யாராவது கேட்பார்கள் என்று நானே விட்டுவிட்டேன். அதுதான் இப்போது அந்த இயந்திரம் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தச் சாப்பாட்டன்றே இல்லாவிட்டாலும், மறுநாள் அந்தத் திரையைக் காட்டிய பெண்ணுக்குப் போன் போட்டு அதை எடுக்கச் சொன்னேன், காரணத்தையும் சொன்னேன்.

ஆறு வருடம் இப்படி ஓட்டினேன். பதவி உயர்வு கூட வாங்கினேன். போன தவக்காலத்தில் ஏலாக்குறிச்சிக் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போய், முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு சாமியார், "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியாம்மா?" என்றார்.

"இல்ல சாமி."

"அப்பறம் எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்ற? அங்க போயிட்டு அப்பறம் வா."

ஆசீர்வாதம் கூடக் கொடுக்கவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அவரைத் திட்டினேன். திட்டி முடித்ததும் அழுகை வந்தது. ஆனாலும் உடனே போனேனா என்றால் அதுவும் இல்லை. அதற்கும் சில மாதம் ஆனது. ஆபீஸில் அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டிய பிறகுதான் கால் நகர்ந்தது.

மடித்து வைத்த தாளை வைத்துக்கொண்டு, நடந்ததை முதலிலிருந்து புதிதாக எழுதினேன். பெயர், கையெழுத்து, என் முகவரி எல்லாம் போட்டேன். நர்சிங் கவுன்சிலுக்கு ஒன்று, அந்த ஆஸ்பத்திரிக்கு ஒன்று பதிவுத் தபாலில் அனுப்பினேன். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தது. அதற்கு ஒன்றை செல்வி சிஸ்டரிடமே கொடுத்துவிடலாம் என்று எடுத்து வைத்தேன். ஞானசேகரன் சாருக்கும் போன் செய்தேன். அவரும் ஓய்வு பெற்றுத் திருச்சியில் மகன் வீட்டில் இருக்கிறார். அனுப்பிவிட்டேன் சார் என்றேன். "எம்பேரும் இருக்காம்மா?" என்றார். இருக்கு சார் என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார்.

ஜெயங்கொண்டம் போய் அங்கிருந்து மீன்சுருட்டி பஸ் ஏறினேன். விசாரித்துக்கொண்டு போனபோது, செல்வி சிஸ்டர் முந்திரி உடைக்கும் கொட்டகையிலிருந்து அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். முந்திரிக் கொட்டைத் தோட்டின் பால் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. ஒரு காலத்தில் ஊசி போட்ட கை. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். எழுந்து, "வாங்க மேடம்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அன்றைக்கு அவரைச் சுவரோரம் நிற்க விட்டவள் நான், எனக்கு நாற்காலி.

உட்காராமலேயே சொன்னேன். காலையில் திறந்தது மூடவில்லை, மதியம் நீங்கள் பதிந்ததை அதுதான் அழித்தது என்று அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்.

"நான் போட்டேனா?" என்றார்.

"போட்டீங்க சிஸ்டர்."

"செவப்பா வந்துச்சா?"

"வந்துச்சு. நீங்க பாத்தது நெசம்."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் போடலன்னுல்ல மேடம் நெனச்சுக்கிட்டு இருக்கேன். மொத ரெண்டு வருசம் போட்டேன் போட்டேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். ஒருத்தரும் நம்பல. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாங்கறாங்க. அப்பறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. வேற யாருக்கோ போட்டத இவருக்குப் போட்டதா நெனச்சுட்டமோன்னு. பாடாலூர் போனேன் மேடம். அந்த மனுசன் பொஞ்சாதி கால்ல வுழுந்து, நாந்தாம்மா மறந்துட்டேன், ஒம்புருசன கொன்னுட்டேன்னு சொல்லிட்டு வந்தேன். அந்தம்மா என்னைத் தூக்கி வுட்டுச்சு. ஒண்ணும் சொல்லல. தண்ணி குடுத்துச்சு."

மன்னிச்சுருங்க சிஸ்டர் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியாது. நான் கொடுத்த தாளை விரித்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி விரலை வைத்து வைத்துப் படித்தார். என் கையெழுத்து வந்ததும் நிறுத்தினார். பிறகு தாளை மடியில் வைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"எம்மவ கயல். திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கா. இத அவகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா, அம்மா மனசு தேறிக்க எதையோ சொல்லுதுன்னு நெனப்பா."

போனை என் கையில் கொடுத்தார். அந்தப் பக்கம் தையல் மிஷின்களின் இரைச்சல். நான் யார் என்று சொன்னேன். உங்க அம்மா அன்றைக்குச் சரியாகத்தான் பதிந்தார்கள், அழித்தது மென்பொருள், அதைச் சோதித்துச் சரி என்று சொன்னது நான் என்று சொன்னேன். மிஷின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வெளியே எங்கேயோ நடந்து போயிருப்பாள்.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

போன மாதம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது? நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"விசாரணை முடிஞ்சு எட்டாவது நாள் தெரியும்மா."

"எட்டாவது நாளா?"

"ஆமாம்மா."

"அப்ப எனக்குப் பரிச்ச கூட முடியல. நர்சிங் சேர அப்ளிகேஷன் வாங்கி வூட்டுல வச்சுருந்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை, கணக்குப் பார்க்கிற குரல். "அம்மா ஒரு ஆளக் கொன்னுட்டு வந்துருக்கு, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நர்சாவுறதுன்னு நாந்தான் அதக் கிழிச்சுப் போட்டேன். ஒரு வருசம் எங்கம்மாகூட நான் பேசல." நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "போன அம்மாகிட்ட குடுங்க."

கொடுத்தேன். செல்வி சிஸ்டர் காதில் வைத்து வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். இல்லடி, அழுவாத, இல்லடி என்றார். அவர் கன்னத்திலும் தண்ணீர் ஓடியது. பிறகு போனைக் கீழே இறக்கி, மரியாதை குறையாமல், என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஒங்கள வூட்ட வுட்டுப் போவச் சொல்லுங்கறா மேடம்."